இரண்டு கையிலும் முகம் துடைக்கிற எட்டாம் இலக்கம்

9 பெப்ரவரி 1974, சனி

எட்டாம் இலக்கச் சட்டையின் இரண்டு கைகளிலும் முகம் துடைத்த கறை இருக்கிறது. மற்றப் பத்துச் சட்டைகளிலும் ஒரு கையில்தான். யாருக்கும் ஒரு பழக்கக் கை இருக்கும். இவனுக்கு மட்டும் இரண்டு!

லைட்ஹவுஸ் விளையாட்டுக் கழகத்தின் பி டீம் சட்டைகள் மூன்று கிழமையாக, சனிக்குச் சனி, எங்கள் வீட்டுக்குத்தான் வருகின்றன. சலவைக்குப் போட்டால் இலக்கம் பிய்ந்து வருகிறது என்று அப்பா சாக்கோடு கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தார். அப்பா கழகத்தின் செயலாளர். துணி கிடைக்காத காலம். முதல் அணி போட்டுப் பழசாக்கினதுதான் பி டீமுக்கு. அதுவும் பதினொன்றே பதினொன்று. ஒன்று கிழிந்தால் பத்துப் பேரோடு ஆடவேண்டியதுதான் என்கிறார்.

மட்ச் பார்க்க நான் போனதே இல்லை. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம் கூடி, எட்டாம் வகுப்போடு நான் வீட்டில் நின்ற நாளிலிருந்து கோயிலுக்கும் கடைக்கும்தான் போய்வருகிறேன். ஒருவரும் மறிக்கவில்லை. எனக்குத்தான் ஏலாது. நாலு பேர் பார்த்தால் கால் பின்னுகிறது. வீட்டுக்கு ஆள் வந்தால் குசினி அடுப்படிக்கு ஓடிவிடுவேன்.

ஆனால் ஊறப் போடுவதற்கு முன் சட்டைகளைப் பாயில் விரித்துப் பார்த்தால் முழு மட்சும் தெரிகிறது. பதினொன்று ஓடவே இல்லை, கழுத்துப்பட்டி காய்ந்து கிடக்கிறது. ஐந்தின் நெஞ்சில் பந்தின் வட்டம் அப்படியே. நாலின் முதுகில் எவனோ ஐந்து விரலாலும் பிடித்து இழுத்திருக்கிறான். எட்டு — முன்னும் மண், பின்னும் மண், வலமும் இடமும் மண். இவன் மனிசனோ, மாட்டுவண்டியோ?

11 பெப்ரவரி, திங்கள்

தோய்த்தேன். எட்டை மட்டும் மூன்று தரம்.

16 பெப்ரவரி, சனி

இந்தமுறை முகர்ந்தும் பார்த்தேன். (இந்தக் கொப்பியை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை, ஆகவே எழுதலாம்.) எட்டின் கழுத்துப்பட்டியில் தலைக்கிரீம் மணம். வயிற்றுப் பக்கம் கருவாட்டு மணம்! தலைக்கிரீம் பூசி வகிடெடுத்துக்கொண்டு கருவாடு உலர்த்துகிறவன் இந்தத் திருக்கோணமலையில் யார்?

வேலிக்கு அப்பால் பரீனாவைக் கூப்பிட்டேன். அவளுடைய அண்ணன் ஜெமீல் நானாதான் பி டீமின் கப்டன், கோல் காக்கிறவரும் அவர்தான். மெதுவாக, வேறு கதையோடு கதையாக, எட்டாம் இலக்கம் யாரென்று கேட்டுச் சொல்லச் சொன்னேன்.

"ஏன்டி கேக்கிறாய்?"

"சும்மா. சட்டையில ஒரு தையல் விட்டுப்போச்சு."

உள்ளே போய் வந்து சொன்னாள். "வின்சன்டாம். தபாற்கந்தோருக்குப் பின்னால வீடாம். தையலுக்கு ஆளின்ர பேரும் வேணுமோடி?"

வின்சன்ட். வின்சன்ட். இரண்டு கையாலும் முகம் துடைக்கிற வின்சன்ட்.

23 பெப்ரவரி, சனி

மழை. மட்ச் இல்லை. சாக்கு இல்லை. ஒன்றுமில்லை.

2 மார்ச், சனி

இன்று நான் வாயைத் திறந்துவிட்டேன்.

சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் அணி ஆடுகிற நேரத்தில்தான் பி டீமும் வேறு இடத்தில் ஆடுகிறது, தன்னால் ஒருநாளும் அவர்களைப் பார்க்க ஏலாது, மூன்றாம் இலக்கப் பெடியன் நல்லவனாம், அவனை மேலே எடுக்கலாமோ என்று. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டே, "அவருக்கு முழங்கால் சரியில்லை" என்றேன்.

அப்பாவின் கை நின்றுவிட்டது. "ஆர் சொன்னது?"

"சட்டையின்ர கீழ்க்கரையில ரத்தம். மூண்டு கிழமையா ஒரே இடத்தில. முழங்காலைத் துடைக்கிறார் போல."

அம்மா, "சாப்பிடேக்க ரத்தக் கதையை விடு பிள்ளை" என்றா.

5 மார்ச், செவ்வாய்

மூன்றாம் இலக்கத்துக்கு முழங்கால் வீங்கித்தான் இருக்கிறதாம்! அப்பா நேரே போய்க் காற்சட்டையைத் தூக்கிப் பார்த்தாராம்! வந்ததும் வராததுமாக, "எங்கே என்ர சிலெக்டர்?" என்று குசினி வாசலில் நின்று சல்யூட் அடித்தார். நான் சட்டிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். பிறகு கிணற்றடியில் தனியே நின்று சிரித்தேன். வாளி கிணற்றுக்குள் போனதும் தெரியவில்லை.

9 மார்ச், சனி

இப்போது அப்பாவும் பாய்க்குப் பக்கத்தில் வந்து குந்துகிறார். ஒன்றிலிருந்து பதினொன்று வரை சொன்னேன். எட்டுக்கு வந்ததும் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. அப்பா என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உழைப்பைத்தான் சொல்லுறன்" என்றேன். "நானும் அதைத்தான் கேட்டனான்" என்றார்.

13 மார்ச், புதன்

முதல் அணியிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வேலையாகிப் போய்விட்டார். பி டீமிலிருந்து ஒருவரை மேலே எடுக்கவேண்டும். மேலே போகிறவன்மேல் துறைமுகத்து ஆட்களின் கண் படும். போன வருடம் இரண்டு பேருக்கு அப்படித்தான் அங்கே வேலை வந்தது. ஆகவே இது பந்துக்கதை மட்டும் இல்லை என்று அப்பா சொன்னார்.

ஜெமீல் நானா எட்டும் பத்தும் என்று இரண்டு பேரை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா கேட்டார், "எதடி பிள்ளை?"

"எட்டு."

"யோசிச்சுச் சொல்லு."

"எட்டு அப்பா. இடைவேளைக்குப் பிறகும் களைக்காத ஆள்."

16 மார்ச், சனி

எட்டு! எட்டு! வின்சன்டை எடுத்துவிட்டார்கள்! என் சொல்லால் ஒருவன் மேலே போயிருக்கிறான். அவனுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் அவனுடைய முகம் தெரியாது. அதனால் என்ன? இன்றைக்குக் கறியில் இரண்டுதரம் உப்புப் போட்டுவிட்டேன். அம்மா தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டா.

23 மார்ச், சனி

முதல் அணிச் சட்டைகளையும் இன்று எங்கள் வீட்டுக்குத்தான் அனுப்பினார்கள். வின்சன்டின் சட்டையைத்தான் முதலில் எடுத்தேன்.

வலது கையில் மட்டும் கறை. தலைக்கிரீம் மணம். வயிற்றுப் பக்கம் கருவாடு இல்லை. மண்ணும் இல்லை. முழு மட்ச் ஆடினவராம்.

பி டீம் சாக்கைக் கொட்டினேன். அந்த எட்டாம் இலக்கச் சட்டையை வேறு யாரோ போட்டிருக்கிறான். இடது கையில் மட்டும் கறை, கருவாடு, முன்னும் பின்னும் மண். முழங்கைப் பக்கத்துத் தையலும் போய்விட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். இரண்டையும் சேர்த்தால்தான் என்னுடைய எட்டு.

என்ன செய்துவிட்டேன்?

25 மார்ச், திங்கள்

பரீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகர்ந்து பார்த்ததையும்தான். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு கெக்கட்டம்விட்டுச் சிரித்தாள். பிறகு ஜெமீல் நானாவை வேலியடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். நான் வாழைக்குப் பின்னால் நின்றேன்.

"நானா, வின்சன்டின்ர சட்டையை வேற ஆரும் போடுறவையோ?"

"ஓம். சிவகுரு. சாம்பல்தீவுக்கு அங்கால, சல்லி மீன்வாடியில இருக்கிறவன். அவனுக்குச் சட்டை இல்லைதானே? இடைவேளையில வின்சன்ட் கழட்டிக் குடுப்பான், இவன் போட்டுக்கொண்டு இறங்குவான்."

"வேர்வை ஈரத்தோடையோ? சீ!"

"அவனுக்கு அதெல்லாம் ஒண்டுமில்லை. இறங்கினா இறங்கினதுதான். போன மாசம் ஏழு கோலில அஞ்சு அவன்ர."

"அப்ப ஏன் அவன்ர பேரை எழுதேல்லை?"

"பதினொரு சட்டை, பதினொரு பேர். மற்ற ஆள் ஆரெண்டு செயலாளர் கேக்கேல்லையே. கேட்டாத்தானே சொல்லுறது!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இனிச் சொல்லியும் என்ன? ஈஸ்டர் முடிய அவன் புல்மோட்டைக்குப் போறானாம், மண் அள்ளுற வேலைக்கு. பந்தை நம்பி இருக்க ஏலாதாம்."

26 மார்ச், செவ்வாய்

சிரிப்பு வருகிறது. இரண்டு மாதமாக இரண்டு பேரை ஒரு ஆளாக்கி, தலையில் கிரீம் பூசி, கையில் கருவாட்டைக் கொடுத்து, களைக்காதவன் என்று பட்டமும் கட்டியிருக்கிறேன்! பாதியில் புது ஆள் வந்தால் யாருக்குத்தான் களைக்கும்?

வின்சன்டில் பிழையில்லை. பாதி மட்சுக்கு நல்ல ஆள்தான். பிழை என்னுடையது. புல்மோட்டைக்குப் போகப்போவது சிவகுரு.

அப்பாவிடம் சொன்னேன். "கொமிட்டியில என்னெண்டு சொல்லுறது? சட்டையை மணந்து பாத்துத் தெரிவுசெய்தனாங்கள் எண்டோ?" என்றார்.

30 மார்ச், சனி

பி டீமின் எட்டை ஊறப் போடவில்லை. தனியே ஒரு கடதாசியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன்.

1 ஏப்ரல், திங்கள்

அலுமாரிக்கு மேலே ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அம்மா தேடுகிறா.

3 ஏப்ரல், புதன்

இதை மெதுவாக எழுதவேண்டும்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கொமிட்டி எங்கள் விறாந்தையில் கூடியது. ஐந்து பேர். நான் வழமைபோலத் தேத்தண்ணீரைத் திரைக்குப் பின்னால் வைத்தேன், அப்பா எடுத்துக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன்.

தலைவர் இராஜநாயகம் மாமாவின் குரல் சங்கு மாதிரி. "பஸ்தியாம்பிள்ளை, நீ கொண்டந்த எட்டு இடைவேளைக்குப் பிறகு கோயில் சொரூபம் மாதிரி நிண்டான் ஐசே. ஆரும் மெழுகுதிரி கொளுத்தாததுதான் குறை!"

எல்லாரும் சிரித்தார்கள்.

"லைட்ஹவுசில விளக்கு அணைஞ்சு போச்செண்டு சனம் கத்துது. கேட்டனியோ?"

அப்பா, "என்ர பிழைதான்" என்றார். அவ்வளவுதான். என்னைச் சொல்லவில்லை. ஆனால் சிவகுருவையும் சொல்லவில்லை.

"சரி, அப்ப பத்தைப் போடுவம். எழுது" என்றார் மாமா.

எழுதினால் முடிந்துவிடும். நான் உள்ளே ஓடினேன். குசினிக்கு இல்லை, அலுமாரிக்கு. கடதாசியோடு திரையை விலக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டேன். ஐந்து பேரும் பார்த்தார்கள். கால் பின்னியது. மேசையில் தேத்தண்ணீர்ப் பேணிகளுக்கு நடுவே சட்டையை விரித்தேன்.

"மாமா, எட்டு ரெண்டு பேர்."

"என்ன?"

"ஒரு சட்டை, ரெண்டு பேர். முதல் பாதி வின்சன்ட், ரெண்டாம் பாதி சிவகுரு. நான் ரெண்டு பேரையும் ஒராள் எண்டு நினைச்சு அப்பாவுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன். இது சிவகுரு தனிய முழு மட்சும் போட்டது. பாருங்கோ."

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். முகம் சுளித்தது. "உதென்ன, கருவாடோ?"

"ஓம் மாமா. முதல் பாதி தலைக்கிரீம், ரெண்டாம் பாதி கருவாடு."

மாமா மேசையில் அடித்துச் சிரித்தார், பேணி ஒன்று கவிழ்ந்தது. யாரோ, "சல்லிப் பெடியனோ?" என்று இழுத்தார். மாமா திரும்பி, "ஓம், சல்லிதான். நீரென்ன ரோசாப்பூவோ மணக்கிறீர்?" என்று கேட்டார்.

"உனக்கு இவ்வளவும் எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"தோய்க்கிறது நான்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா முகட்டைப் பார்த்தார்.

"ஈஸ்டர் திங்கள் முதல் அணியில சிவகுரு நிக்கட்டும். தொடக்கத்தில இருந்து. அவனுக்கு ஆள் அனுப்பு. புல்மோட்டையும் கில்மோட்டையும் பிறகு பாப்பம்."

நான் திரும்பி நடந்ததாகத்தான் ஞாபகம். அம்மா சொல்கிறா, ஓடினேனாம்.

4 ஏப்ரல், வியாழன்

கடைக்குப் போனேன். கடைக்காரர், "தலைக்கிரீமோ பிள்ளை, கருவாடோ?" என்று கேட்டார். ஐயோ! ஒரே நாளில்! வீட்டுக்கு வந்து தலையணைக்குள் முகத்தைப் புதைத்தேன். ஆனால் உள்ளே சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

புத்தாண்டும் ஈஸ்டரும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. பரீனா வீட்டுக்கு இரண்டுக்கும் சேர்த்துப் பலகாரம் அனுப்பினோம். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. நாளைக்கு.

15 ஏப்ரல், திங்கள்

பின்னேரம் முழுக்கக் கிணற்றடியில் நின்றேன். காற்று மட்ச் நடக்கிற முற்றவெளிப் பக்கமிருந்து வந்தபோது சத்தம் கேட்டது. மூன்று தரம் பெரிதாக. எங்கள் கோலோ, அவர்களின் கோலோ? சத்தத்தில் சட்டை இலக்கம் தெரியாதே.

இருட்டுவதற்குள் அப்பா சாக்கோடு வந்தார். பாயை விரித்துக் கொட்டினேன்.

எல்லாம் தோய்த்திருக்கிறது! பதினொன்றும்! ஒன்றில் சவர்க்காரம் இன்னும் வழுக்குகிறது, ஒன்றை மடித்து நடுவில் ஊசி குத்தியிருக்கிறார்கள், ஒன்றுக்கு நீலம் கூடி வானம் மாதிரி இருக்கிறது. கறையும் இல்லை, மணமும் இல்லை. ஈரம் மட்டும்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மட்ச் முடிஞ்ச உடனை எல்லாரும் கிணத்தடிக்கு ஓடினாங்கள். உன்னட்டை ஊத்தைச் சட்டை குடுக்க இனி ஒருத்தனுக்கும் துணிவில்லை. உன்ர வேலை போச்சு, சிலெக்டர்."

எட்டை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் சுத்தமாகத் தோய்த்திருந்தது அதுதான்.

"அப்பா, அவர் எப்பிடி விளையாடினவர்?"

"அதைச் சொல்லமாட்டன்."

"அப்பா!"

"இவ்வளவு நாளும் நீ எனக்குச் சொன்னனி. இனி நீயே வந்து பார்." உள்ளே போனவர் திரும்பி வந்தார். "ஒண்டு மட்டும் சொல்லுறன். நாளைக்கு விடிய புல்மோட்டை பஸ்ஸில சிவகுரு ஏறமாட்டான்."

20 ஏப்ரல், சனி

நாலரைக்கு மட்ச். மூன்று மணிக்கு, கோயிலுக்குப் போடுகிற என் நீலச்சட்டையைப் போட்டேன், கழற்றினேன், திரும்பவும் போட்டேன். நாலு மணிக்குப் பரீனா படலையில் நின்று, "வாறியோ, இல்லாட்டி நான் போய் ஒவ்வொருத்தனையா மணந்துபோட்டு வந்து சொல்லட்டோ?" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.