கோட்டை வாசலில் உன்னைப் படம் எடுத்தது யார்?

வீரபாண்டி, திருப்பூர்.
9-11-2025, ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் தமிழ்மதிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கப்பாவும் மாகாளியாத்தா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நீயும் நன்றாக இருப்பதாகத்தான் வாராவாரம் சொல்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் ஏதாவது கேட்டால் ஒன்றுமில்லம்மா, டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும். பருப்புப்பொடியும் இரண்டு உள்பனியனும் அனுப்புகிற பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். உங்கப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நிட்டிங் கம்பெனியில் பகல் ஷிப்டே கொடுத்திருக்கிறார்கள். எனக்குப் பனியன் கம்பெனியில் அதே செக்கிங் டேபிள்தான். பக்கத்தில் முத்துப்பேச்சி நிற்கிறாள், தீபாவளியன்று உன்னிடம் வீடியோவில் பேசினாளே, அந்தத் திருநெல்வேலிக்காரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த வேல்ஸ் நாட்டுக் காடு மேடெல்லாம் எட்டு மைல், பத்து மைல் நடந்து ஏதோ ஒரு இடிந்த கோட்டையைப் பார்த்துவிட்டு வருகிறாய். சிவன்மலைக்குப் படியேறலாம் வா என்றால் கால் வலிக்குது, பஸ்ஸிலேயே போகலாம் என்று உட்கார்ந்துகொண்ட பிள்ளை நீ. உனக்குத் திடீரென்று எழுநூறு வருஷத்துச் சுவர் மேல் அப்படி என்ன ஆசை? எனக்கு அப்போதே சுருக்கென்றது. ராஜா உட்கார்ந்த இடமாவது இருக்கும் என்று படத்தைப் பார்த்தால் கூரையே இல்லை, கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றி ஏறுகிற படிக்கட்டு பாதியிலேயே நின்றுபோய் மேலே வெறும் வானம் தெரிகிறது, நடுக்கூடத்தில் புல் முளைத்து ஆடு மேய்கிறது. நொய்யல் ஓரத்தில் மூடிக் கிடக்கிற சாயப்பட்டறைக்காவது தகரம் மிச்சமிருக்குது, இதைப் பார்க்க டிக்கெட் வேறயா என்று உங்கப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தனியாகப் போகாதே என்று முதல் வாரமே சொன்னேன். நீ உடனே, முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்க்கிற நாலு பேரும் வருகிறார்கள், மொத்தம் ஐந்து பேர் என்றாய். பெயர் கேட்டால் ஒரு வாரம் ஒரு பெயர், அடுத்த வாரம் வேறு பெயர். படத்தில் மட்டும் நீ ஒருத்திதான். கோட்டை வாசலில் கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறாய், இரண்டு கையும் மடியில் இருக்கிறது, அப்படியானால் எடுத்தது யார்? எவனோ ஒருத்தன் இருக்கிறான், அவன் ஒருத்தனைத்தான் நாலு பேர் என்று கணக்குக் காட்டுகிறாய் என்று முடிவு கட்டிவிட்டேன். ஊர் பேர் தெரியாதவன் நாளைக்குக் கைவிட்டுப் போனால் அத்தனை தூரத்தில் என் பிள்ளை என்ன செய்வாள் என்று பயந்துபோனேன்.

நான் சும்மா இருப்பவளா? நீ அனுப்பின பதினோரு படத்தையும் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். கம்பெனியில் ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித்தான் பீஸைத் தள்ளிவைப்போம். அந்த ஸ்டிக்கரைக் கொண்டுவந்து படத்தில் சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் ஒட்டினேன். அப்போதுதான் அந்த நீலக் கோட்டு அகப்பட்டது. நாலு படத்தில் அதைத்தான் போட்டிருக்கிறாய். பட்டன் பட்டி இடது பக்கம் மேலே வந்து வலது பக்கத்தை மூடுகிறது. பொம்பளை உடுப்புக்கு வலது பக்கம்தான் மேலே வரவேண்டும், அது மாறிப்போனால் எங்கள் கம்பெனியில் லாட் மொத்தத்தையும் திருப்பிவிடுவார்கள். மறுநாள் டீ நேரத்தில் முத்துப்பேச்சியிடம் காட்டினேன். "யக்கா, இது ஆம்பள கோட்டுல்லா" என்றுவிட்டாள். அந்த ஆத்திரத்தில்தான் புதன்கிழமை உனக்குப் போன் போட்டு, எவன் கோட்டுடி அது என்று கத்தினேன். நீ முதலில் சிரித்தாய். அப்புறம், "என் கோட்டும்மா, நாந்தான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவே இல்லை.

உங்கப்பாவிடம் படத்தை நீட்டி நியாயம் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், அந்த நீலக் கோட்டைப் பார்க்கவே இல்லை. "ஏம்புள்ள, நம்ம பாப்பாவுக்கு நெத்தித் தழும்பு எந்தப் பக்கம்" என்று கேட்டார். நாலு வயசில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, இடது புருவத்துக்கு மேலே, அதுகூடவா மறந்துபோச்சு உங்களுக்கு என்று சண்டைக்குப் போனேன். படத்தில் அது வலது பக்கம் இருந்தது. அப்புறம் அவர் தன் போனைத் தண்ணீர் டிரம் மேல் சாய்த்துவைத்து, முன்பக்கக் கேமராவைப் போட்டு, பத்து எண்ணினால் தானாகவே எடுக்கும்படி செய்துவிட்டு என்னை எதிரே நிற்கச் சொன்னார். படத்தைப் பார்த்தால் என் முந்தானை வலது தோளில் கிடக்கிறது. முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி எல்லாம் இடம் மாறி விழுகிறது கண்ணு. பட்டன் பட்டி மாறினதும் அப்படித்தான், கோட்டு உன்னுடையதுதான். பன்னிரண்டு வருஷம் செக்கிங்கில் நின்ற கண் பட்டனைப் பார்த்ததே தவிர, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள், மனசாரக் கேட்கிறேன்.

ஆனால் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, இப்போதுதான் கூடியிருக்கிறது. பதினோரு படத்திலும் தழும்பு வலது பக்கம்தான். எல்லாப் படமும் முழங்கால் உயரத்திலிருந்து எடுத்தது, ஓரத்தில் புல்தான் பெரிதாகத் தெரிகிறது. ஐந்து பேர் போன இடத்தில் போனைக் கல் மேல் சாய்த்துவைத்துவிட்டு ஓடிப்போய் உட்காருவானேன்? ஒருத்தர் கையில் கொடுத்தால் எடுத்துத்தர மாட்டார்களா? உன் பக்கத்தில் ஒரு பிளாஸ்க், ஒரு டப்பா, ஒரே ஒரு பை. வேறு யாருடைய முதுகுகூடப் படத்தில் இல்லை. அந்த நாலு பேரும் நான் தனியாகப் போகாதே என்று சொன்ன அன்றைக்கு நீ உண்டாக்கின நாலு பேர்தானே? என் வாய்க்குப் பயந்து உண்டாக்கியிருக்கிறாய். யார் கூடப் போனே, யார் எடுத்தா என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேனே, உன்னோடு உட்கார்ந்து பேச அங்கே யாராவது இருக்கிறார்களா என்று ஒரு நாளாவது கேட்டேனா? ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த அறைக்குள் இருக்க முடியாமல்தான் அவ்வளவு தூரம் நடக்கிறாயா? இத்தனை நாள் யாரோ இருக்கிறான் என்று பயந்தேன், இப்போது யாருமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. இந்தப் பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது கண்ணு. "அவளுக்கு ஊட்டுக்குள்ள அடைஞ்சு கெடக்கப் புடிக்கல, நடக்கப் புடிச்சிருக்குது, உடு" என்கிறார் உங்கப்பா. அப்படியும் இருக்கலாம். அப்படித்தான் என்றால் அதை உன் வாயால் சொல், நம்பப் பார்க்கிறேன். ஆனால் படத்தில் நீ சிரிக்கிறது பத்து எண்ணி முடிகிறவரைக்கும் பிடித்துவைத்த சிரிப்பு, அதை எந்த ஸ்டிக்கரும் இல்லாமலே எனக்குத் தெரிகிறது.

இனிமேல் போகாதே என்று சொல்ல மாட்டேன். மழை பெய்த அன்றைக்கு அந்தக் கோபுரப் படியில் மட்டும் ஏறாதே, பாசி வழுக்கும். எந்தக் கோட்டை, எந்தப் பாதை என்று கிளம்பும்போது உங்கப்பாவுக்கு மெசேஜ் போடு, திரும்பி வந்ததும் போடு, நான் நடுவில் வாயைத் திறக்க மாட்டேன். உள்பனியனை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் போட்டுக்கொள். நிஜமாகவே யாராவது இருந்தால், எந்த ஊரானாலும் எந்தச் சாதியானாலும் சரி, என்னிடம் சொல். திட்ட மாட்டேன். அப்படியே திட்டினாலும் ஒரு வாரத்தில் சரியாகிவிடுவேன், உனக்குத் தெரியாதா என்னை.

நோய்நொடி இல்லாமல், நாலு மனுஷர் சூழ நீ நல்லா இருக்கணும் சாமி, ஆத்தா உன்னைக் கைவிட மாட்டாள். ஒன்றே ஒன்றை மறந்துவிடாதே. இதைப் படித்து முடித்ததும் அங்கே யாரிடமாவது போய், எங்கம்மா எப்பேர்ப்பட்ட சந்தேகப்பிராணி தெரியுமா என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லிச் சிரி. அப்படிச் சொல்ல ஒருத்தரும் இல்லையென்றால் மறைக்காமல் எனக்கே போன் போட்டுச் சொல். எதுவும் தெரியாதவள் மாதிரி முதலிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சித்ரகலா