தலைகீழாக மாட்டிய குழாய்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இது என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிஷமே குரல் ஏறிவிடும், நீயும் "சரிக்கா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். நாலு மாதமாக அதுதானே நடக்கிறது. காகிதத்தில் கத்த முடியாது. முழுக்கப் படி.

உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்கிறாள், சாப்பாட்டுக்கு மட்டும் நன்றாகத் திறக்கிறாள். மாமாவுக்கு அதே முழங்கால் வலி. வைத்தியர் நடக்கச் சொன்னார், இவர் நாற்காலியிலிருந்து வாசல் வரை நடந்துவிட்டு ஊரைச் சுற்றி வந்ததுபோல் பெருமூச்சு விடுகிறார்.

போன வாரம் ஒரு பேக்கரிக்குப் புதிதாகக் கிரீஸ் டிராப், அதுதான் கழிவுத் தண்ணீரில் கொழுப்பைப் பிடித்து வைக்கும் நம் தொட்டி, வைத்துக் கொடுத்தேன். யார் கண்ணிலும் படாமல் அடுப்புக்குப் பின்னால் வைக்கச் சொன்னார் முதலாளி. "மூடியத் திறந்து கொழுப்பை அள்ள வேண்டியவ நான். அடுப்புக்கும் சுவத்துக்கும் நடுவுல நுழைய நான் என்ன பல்லியா?" என்று கேட்டேன். கடைசியில் கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கினார். நீ இருந்திருந்தால் இதையே சிரித்துப் பேசி வாங்கியிருப்பாய். எனக்கு அந்த வித்தை வராது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த விடுதிச் சமையலறையிலிருந்து செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பினார்கள், போனேன். நம்மை நிறுத்திவிட்டு வைத்தார்களே, அந்தப் புதுக் கம்பெனிக்காரர்களுக்கும் பிடிபடவில்லை. வெளிக்குழாய் மறுபடியும் அடைத்து, பாத்திரம் கழுவும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஆனால் டிராப்பைத் திறந்தால் மேலே கொழுப்பே இல்லையாம். தலைமைச் சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கும்மா, குழாய்தான் நாறுது" என்றார். போன தடவையும் இதே கதைதான் என்பது எனக்கு அப்போதே உறைத்தது.

தொட்டியை அடிவரை இறைக்கச் சொன்னேன். போன தடவை அடைத்தபோது நாம் யாரும் அதைச் செய்யவில்லை. தண்ணீர் வற்ற வற்ற, வெளியே போகும் வாயில் மாட்டும், ஆங்கில T எழுத்து வடிவ டீ குழாய் தெரிந்தது. தலைகீழாக நின்றது. நீளமான கால் மேலே, குட்டைக் கால் கீழே. பக்கத்தில் நின்ற விடுதி மேலாளர் அம்மாவுக்குப் புரியவில்லை. எண்ணெய் மேலே மிதக்கும், அடியில் இருக்கிற தண்ணீர் மட்டும் வெளியே போகத்தான் நீளமான கால் கீழே இறங்கியிருக்க வேண்டும், இது மேலே மிதக்கிற கொழுப்பையே உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே குனிந்து பார்த்தேன். குழாயின் கழுத்தில் நீலக் கயிறு கட்டியிருந்தது. இரட்டை முடிச்சு.

கழற்றும்போது பிடித்து இழுக்க வசதியாகக் கயிறு கட்டுகிறவள் நான்தான். நீ கட்டவே மாட்டாய், "என்னக்கா, மாட்டுக் கழுத்துல கட்டுற மாதிரி" என்று கேலி செய்வாய். அது எந்த நாள் என்றும் நினைவு வந்தது. உன் மகளுக்குக் காய்ச்சல் ஏறி நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். தொட்டியைச் சுத்தம் செய்ய உன் முறைக்கு நான் போனேன். நீ வரவில்லை என்று யாரும் குறை சொல்லக் கூடாதே என்று பதிவேட்டில் உன் பெயரையே எழுதினேன். மனசெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தது. கலங்கல் தண்ணீரில் முழங்கை வரை கைவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே மாட்டுவேன் என்று பீற்றிக்கொள்வேனே, அப்படித்தான் மாட்டியிருக்கிறேன்.

இருபத்தைந்து நாள் கழித்துத் தண்ணீர் பொங்கியபோது நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். கொழுப்பை அள்ளச் சோம்பல்பட்டு, வெந்நீரை ஊற்றி உருக்கிக் குழாயில் தள்ளிவிட்டாய் என்றேன். இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. அத்தனை பேர் நடுவில், பதிவேட்டில் உன் பெயரைத் தட்டித் தட்டிக் காட்டினேன். அதை எழுதியதே நான் என்பது அந்தக் கோபத்தில் நினைவுக்கு வரவில்லை. நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். குற்றம் செய்தவன் நிற்கிறான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். "என் முறைக்கு அன்றைக்கு வந்தது நீதானே அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். உன் வீட்டுக்காரியும் நாலு மாதமாக என்னோடு ஒரே அடுப்பில் சமைக்கிறாள், வாயே திறக்கவில்லை. நேற்றுக் கேட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி" என்று அழுதுவிட்டாள். நானும் அழுதேன். மாமா பயந்துபோய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

மறுநாள் புதன்கிழமை மறுபடியும் விடுதிக்குப் போனேன். அன்று நான் கத்தியதைக் கேட்ட அத்தனை பேரையும் அதே இடத்துக்குக் கூப்பிட்டேன். சமையல்காரர், பாத்திரம் கழுவும் பெண்கள் மூவர், மேலாளர் அம்மா. தப்பு செய்தது நான், என் தம்பி அன்றைக்கு இங்கே வரவே இல்லை என்று சொன்னேன். பதிவேட்டில் உன் பெயரை அடித்து என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேலாளர் அம்மா வேலையைத் திரும்ப உன்னிடம்தான் கொடுப்பேன் என்கிறார். "உங்க தம்பி வரட்டும், நீங்க வேண்டாம்" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கு வேண்டியதுதான்.

உன்மேல் ஒரு கோபமும் இருக்கிறது. அக்காவைக் காப்பாற்ற உன்னை யார் கேட்டார்கள்? உன் மகளுக்கு அப்பாவை இல்லாமல் ஆக்கிவிட்டு எனக்கு மரியாதை சேர்த்திருக்கிறாய். இனிமேல் நான் தப்பு செய்தால் அங்கேயே, எல்லார் முன்னாலும் சொல்.

மன்னித்துவிடு தம்பி. இந்த வார்த்தையை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன், மூன்றாவது தடவை அப்படியே விட்டுவிட்டேன்.

மூத்தவள் ஆசீர்வாதம் சொல்லித்தான் கடிதத்தை முடிக்க வேண்டும். உன்னை வாழ்த்த இப்போது எனக்கு வாய் வரவில்லை. நீ வந்து வாசலில் நின்று ஒரு தடவை அக்கா என்று கூப்பிடு. அப்புறம் வாழ்த்துகிறேன்.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
அக்கா