மாற்றமில்லை என்று எழுதிய படம்

மார்ச் 9, திங்கள்

இன்று இருபத்தாறு ஸ்கேனுக்கு ரிப்போர்ட். தலை நிமிர நேரமில்லை. கடைசியாக ஒரு கல்லூரிப் பெண்ணின் சைனஸ் படம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே சளி கோந்து போல் இறுகிவிடும் நோய். கன்னத்திலும் நெற்றியிலும் எலும்புக்குள் காற்று இருக்க வேண்டிய அறைகள் இவர்களுக்கு எப்போதும் அடைத்தே கிடக்கும். கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் சாம்பல். ‘எல்லா சைனஸிலும் அடைப்பு. முந்தைய படத்திலிருந்து மாற்றமில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 11, புதன்

லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி. முழங்கால் என்னைத் திட்டுகிறது.

மார்ச் 12, வியாழன்

டீ குடிக்கும்போது ஸ்கேன் டெக்னீஷியன் போகிற போக்கில் கேட்டார். “மேடம், திங்கக்கிழமை வந்த அந்தக் காலேஜ் பொண்ணுக்கு இடது கண்ணு கொஞ்சம் வெளிய தள்ளின மாதிரி இருந்துச்சு. படத்துல ஏதாவது தெரிஞ்சுதா?”

“அவங்களுக்கு எப்பவும் இருக்கிறதுதான்” என்றேன். சொல்லிவிட்டு டீயைப் பாதியில் வைத்து எழுந்தேன்.

அறைக்குப் போய்ப் படத்தைத் திறந்தேன். பிறகு, இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்தை. திங்கட்கிழமை அதை நான் திறக்கவே இல்லை. இங்கேயாவது எழுதி வைக்கிறேன் — திறக்கவே இல்லை. திறக்காமலே மாற்றமில்லை என்று எழுதினேன்.

மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே காகிதம் போல ஒரு எலும்புச் சுவர் உண்டு. பழைய படத்தில் நேராக நிற்கிறது. புதியதில் சளி பையாக ஊதி அதைக் கண் பக்கம் தள்ளியிருக்கிறது. ஓரிடத்தில் சுவரே இல்லை. கண் நரம்புக்கு இன்னும் இரண்டு மில்லிமீட்டர். சாம்பலுக்குள் சாம்பல், அதனால் என் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். எலும்பு வெள்ளை ஆயிற்றே. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

துறைத் தலைவரிடம் ஓடினேன். “திருத்தின ரிப்போர்ட் போட்டுடுங்க. மூக்கு டாக்டர் பாத்துப்பாரு. நீங்க எதுக்கு வீட்டுக்கெல்லாம் பேசணும்?”

“அது யார் கண்ணுல எப்ப படும் சார்?”

மூக்கு டாக்டரைப் பிடித்துச் சொன்னேன். “இன்னைக்கே வரச் சொல்லுங்க” என்றார். வீட்டு எண்ணை நானே அழைத்தேன். பெண்ணின் அப்பா எடுத்தார். பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் இருந்தார்.

“பழையபடிதான் இருக்குன்னு எழுதியிருந்துச்சே?”

“தப்பா எழுதிட்டேங்க. எழுதினது நான்தான். பொண்ணுக்குப் பார்வை எப்படி இருக்கு?”

“ரெண்டு நாளா எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்னு சொன்னா. படிச்சுப் படிச்சு கண்ணு சோர்ந்திருக்கும்னு நான்தான்... ரிப்போர்ட்டுல ஒண்ணும் இல்லையேன்னு...”

வீட்டுக்கு வந்தும் அதே கேள்விதான். ஏன் திறக்கல? ஒரு படம். ஒரே ஒரு படம் திறக்க எவ்வளவு நேரம் ஆயிடப் போகுது?

மார்ச் 13, வெள்ளி

நேற்று ராத்திரியே சேர்த்துவிட்டார்கள். காலையில் எம்ஆர்ஐ. சளிப்பைதான், கட்டி இல்லை. பத்து மணிக்கு அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள். மூக்கு வழியாகவே பையைத் திறந்துவிட வேண்டும். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது, மயக்க மருந்தைத் தாங்குமா என்று எல்லோருக்கும் பயம்.

அரங்கு வாசலில் அப்பா, டிரைவர் சீருடையோடு. பக்கத்தில் போய் நின்றேன்.

“நீங்கதானா அது?”

“ஆமாங்க.”

உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. மூன்றரை மணி நேரம்.

வெளியே வந்துவிட்டாள். மூச்சு சீராக இருக்கிறது. கண்ணைப் பற்றி நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

மார்ச் 14, சனி

மூக்கு டாக்டர் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாராம். “ரெண்டு” என்றாளாம். உடனே, “நிஜமாவே ரெண்டுதானே டாக்டர்?”

கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மார்ச் 18, புதன்

துறைக் கூட்டத்தில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினேன். இந்த நோயில் எல்லாமே சாம்பல்தான் என்று கண் பழகிப்போகிறது. சாம்பலை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள், சுவர் நிற்கிறதா பாருங்கள் என்றேன். புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் கேட்டாள்: “பழைய படத்தை ஏன் மேடம் திறக்கல?”

“அலட்சியம்.” வேறு வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் மாதப் படம். ஸ்கேன் சீட்டின் மூலையில் அப்பா பேனாவால் எழுதியிருந்தார்: ‘வேறு டாக்டர் பார்க்கவும்.’ நியாயம்தான். அடுத்த அறையில் படம் பார்க்கும் டாக்டர் தோழியிடம் சீட்டைக் கொடுத்துவிட்டு வேறு வேலையில் உட்கார்ந்தேன்.

கதவு தட்டும் சத்தம். அவள்தான். இருமல் அடங்கும்வரை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா எழுதினது அப்பாவோட முடிவு. நீங்களும் பாருங்க. ஆனா தனியா வேணாம். ரெண்டு பேரும் பாக்கணும்.”

என் நாற்காலியை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அடைப்பு இருக்கிறது, அது இருக்கும். கண் தன் இடத்துக்கு வந்துவிட்டது. தோழி ஒரு வரி சொல்ல, நான் ஒரு வரி சொல்ல, ரிப்போர்ட் தயாரானது.

இரண்டு கையெழுத்து. என்னுடையது கீழே.