‘ய’ மட்டும் பாக்கி

என் ஜெயாவுக்கு, உன் நசீ எழுதுவது.

கடிதத்தின் தொடக்கத்தில் நலமா என்று கேட்க வேண்டும். உன்னிடம் அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நான் இன்னும் அதே கம்ப்யூட்டர் வேலையில்தான் இருக்கிறேன். பெயர்தான் மாறிவிட்டது, இப்போது என்னை வெப் டெவலப்பர் என்கிறார்கள். அப்படியென்றால் என்ன என்று கேட்பாய். கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாய். அதுவும் எனக்குத் தெரியும்.

நாம் பொருட்காட்சியில் வைத்தோமே, பஸ் நேரம் சொல்லும் திரை, ஞாபகமிருக்கிறதா? ஊருக்கு எதிரே இருக்கும் எண்ணை அழுத்தினால் அந்த ஊருக்கான திரை வரும். இன்னொன்றை அழுத்தினால் வழியில் பஸ் நிற்கும் இடங்கள் வரும். அதையேதான் இன்று உலகம் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்கள். நம்முடையது ஒரே ஒரு மேஜையில் இருந்தது. இப்போது நான் தர்மபுரியில் உட்கார்ந்து ஒரு வெப் பக்கத்தை ஏற்றினால், கடத்தூர் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு நிற்பவர் தன் கையிலிருக்கும் போனில் அதைத் திறக்கிறார். அதே நேரத்தில் துபாயில் என் தம்பி மகனும் திறக்கிறான். இத்தனை வருஷம் இதே பிழைப்பாக இருந்தும், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நான் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்க்கிறேன்.

என் கருவிகளைப் பார்த்தால் என்னை எழுப்பிவிட்டு நீ உட்கார்ந்துகொள்வாய். எழுதும்போதே வார்த்தைகளுக்கு வண்ணம் போட்டுக் காட்டும் எடிட்டர் இருக்கிறது. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், அதன் கீழே சிவப்புக் கோடு போட்டு ‘இங்கே பார்’ என்கிறது. நாமோ அந்த ஒற்றை அடைப்புக்குறிக்காக, அச்சடித்த தாள்களைத் தரையில் பரப்பி, மண்டியிட்டு, வரி வரியாக விரலால் தடவிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் போதும், பக்கத்தில் திறந்திருக்கும் பிரவுசரில் அந்த மாற்றம் தானாக வந்து நிற்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த அன்று நான் திரும்பிப் பார்த்தேன், நீ பின்னால் நிற்கிறாயா என்று. உண்மையாகவே திரும்பினேன் ஜெயா.

இன்னொன்று கேள். எந்தப் பக்கத்தையும் திறந்து, மவுஸின் வலதுபக்கப் பொத்தானை அழுத்தினால், உள்ளே அதை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். யாரும் திட்ட மாட்டார்கள். நம் முதலாளி சாருக்குத் தெரியாமல் கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்து நீ வாங்கிய வசவை நினைத்துக்கொண்டேன். பிரேம்வொர்க் என்று ஒன்று உண்டு. கதவு, ஜன்னல் எல்லாம் முன்பே செய்து வைத்திருப்பார்கள், நம் வீட்டுக்கு ஏற்றபடி பொருத்திக்கொள்ள வேண்டியது நம் வேலை. ‘அந்த ஜன்னல யாருடி செஞ்சது?’ என்று உடனே கேட்பாய். முகம் தெரியாத யார் யாரோ செய்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

இந்தக் கடிதத்தையும் ஒரு பக்கமாக ஏற்றப் போகிறேன், நாலு பேர் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். எண்பதுகளின் கடைசி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். இவள் மாரண்டஹள்ளி விவசாயி ராஜப்பாவின் மகள், வீட்டில் கன்னடம் பேசுவார்கள். நல்லம்பள்ளியில் சித்தி வீட்டில் தங்கி வேலைக்கு வந்தாள். நான் தர்மபுரியில் வளையல் கடைக்காரர் மகள், எங்கள் வீட்டில் உருது. எங்கள் இருவருக்கும் நடுவில் தமிழ் இருந்தது.

புரோகிராம் எங்காவது மாட்டிக்கொண்டால் நீ செய்யும் வேலையை இன்றைக்குச் சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். என்னை எதிரே உட்காரவைத்து, முழுவதையும் கன்னடத்தில் விளக்குவாய். ‘எனக்குப் புரியலடி’ என்றால், ‘உனக்குப் புரியக்கூடாதுன்னுதான் சொல்றேன். தமிழ்ல சொன்னா பாதியிலயே தலைய ஆட்டிருவ, நானும் சரின்னு தாண்டிப் போயிருவேன்’ என்பாய். புரியாதவளுக்குச் சொல்வதால் ஒவ்வொரு வரியையும் விரலை மடக்கி, கையை ஆட்டி, மேஜையில் கோடு போட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். பாதியில் சட்டென்று நிறுத்தி, தலையில் அடித்துக்கொண்டு எழுந்து ஓடுவாய். தப்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். என் முறை வரும்போது நான் உருதுவில் ஆரம்பிப்பேன்.

இன்றைய பிள்ளைகள் இதற்கு மேஜையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துக்கொள்கிறார்கள். அதனிடம் வரி வரியாகச் சொன்னால் தப்பு தெரிந்துவிடுமாம், பெரிய பெரிய கம்பெனிகளில் இதை ஒரு வழிமுறையாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவ்வளவு காலமும் நான் உன் வாத்தாக இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

சேமிப்பதும் அப்படித்தான். அப்போது கரண்ட் போனால் திரையில் இருந்தது அத்தனையும் போச்சு. உன் காது மட்டும் எப்போதும் ஃபேனில் இருக்கும். வயல் பக்கம் பம்புசெட்டுக்கான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் மோட்டாரைப் போடுவார்கள். ஃபேன் ஒரு சுற்று மெதுவாகும், டியூப்லைட் மினுக்கும், அடுத்து கரண்ட் போகும். அதற்குள் உன் விரல் சேமித்து முடித்திருக்கும். பிளாப்பியில் இரண்டு பிரதி, ஒன்று சித்தி வீட்டுக்கு, ஒன்று எங்கள் வீட்டுக்கு. இப்போது வெர்ஷன் கன்ட்ரோல் என்று ஒன்று வந்திருக்கிறது. எந்த வரி எப்போது மாறியது, யார் மாற்றியது, ஏன் மாற்றியது எல்லாம் அதில் இருக்கும், எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிப் போகலாம். எந்தப் பழைய நிலைக்கும் என்றா சொன்னேன்? சரி விடு.

அந்தப் பொருட்காட்சிக்கு வருகிறேன். சார் ஒரு கடை எடுத்து, கம்ப்யூட்டர் என்ன செய்யும் என்று ஜனங்களுக்குக் காட்டச் சொன்னார். பஸ் நேரம் என்பது என் யோசனை. ஊர்ப் பெயர்கள் தமிழில் வர வேண்டும் என்பது உன் பிடிவாதம். மெஷினுக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். நீ கிராப் தாள் வாங்கி வந்து, கட்டங்களைப் பென்சிலால் நிரப்பி ஒவ்வொரு எழுத்தாக வரைந்தாய். நிரப்பிய கட்டம் வெளிச்சம், வெறும் கட்டம் இருட்டு. ஒவ்வொரு வரிசையையும் ஓர் எண்ணாக மாற்றி உள்ளே போட்டோம். மெஷினில் இடம் குறைவு, அதனால் நம் பஸ் போகும் ஊர்களுக்கு என்னென்ன எழுத்து தேவையோ அவற்றை மட்டும் வரைந்தோம்.

பச்சைத் திரையில் ‘மாரண்டஹள்ளி’ என்று முதன்முதலில் வந்ததே, அந்த நிமிஷம்!  கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ விரலால் கண்ணாடியைத் தொட்டு, உன் ஊரைத் தடவிப் பார்த்தாய். அதற்குப் பிறகு எத்தனையோ பார்த்துவிட்டேன், அந்த மாதிரி எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இல்லை.

ஆனால் அந்த வாரம் உன் மனசில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. மாமன் மகனுக்கு உன்னைப் பேசிவிட்டார்கள். ‘காட்சி முடிஞ்சதும் வூட்டுக்கு வந்துரணும்’ என்று அப்பா சொல்லி அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டர் வேலை அத்தோடு சரி. நீ அழவில்லை, சண்டையும் போடவில்லை. ‘அப்பா ஒருக்கா வந்து பாக்கட்டும் நசீ. பாத்துட்டு வான்னு சொன்னா வந்தர்றேன்னு சொல்லிட்டேன்’ என்றாய். 

அப்பா வந்தார். தோளில் துண்டு, கையில் துணிப்பை, அன்று சாயங்கால பஸ்ஸுக்கு உன்னையும் சேர்த்துக் கூட்டிப்போகும் முடிவோடு. கடையில் நல்ல கூட்டம். மாரண்டஹள்ளிக்கு அழுத்திக் காட்டினாய். அவர் அசரவில்லை. நானும் நின்றதால் தமிழிலேயே கேட்டார்.

“இந்த நேரமெல்லாம் பஸ் ஸ்டாண்டு போர்டுலயே இருக்குதே. இதுக்கா இத்தன நாளு?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ சிரித்தாய். “வேற என்னங்கப்பா வேணும்? சொல்லுங்க, இது எழுதும்.”

“எம்பேர எழுதச் சொல்லு பாப்போம்.”

நான் மனசுக்குள் எழுத்துகளை எண்ணினேன். ராஜப்பா. ‘ரா’ இருக்கிறது, ‘ப்’ இருக்கிறது, ‘பா’ இருக்கிறது. ‘ஜ’ இல்லை. நம் பஸ் போகும் எந்த ஊரிலும் ‘ஜ’ கிடையாதே! நீ அலட்டிக்கொள்ளவே இல்லை. “ஒரு டீ குடிச்சுட்டு இருங்கப்பா” என்று சொல்லிவிட்டு, கிராப் தாளை எடுத்துக் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தாய். அவர் டீ டம்ளரைக் கையில் வைத்தபடி உன் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே நின்றார். நீ எண்களைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினாய்.

ராஜப்பா என்று வந்தது.

கூட்டத்தில் யாரோ ‘அடேயப்பா’ என்றார்கள். அவர் டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் கையில் கொடுத்தார். அப்போதுதான் ஃபேன் ஒரு சுற்று மெதுவானது. நீயும் அவரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினீர்கள். அதே காது, அதே சாய்வு! “த்ரீ பேஸ் உட்டுட்டான், மோட்டார் போட்டுட்டானுங்க” என்றார் அவர். உன் விரல் சேமித்து முடித்தது. கரண்ட் போய்விட்டது.

“போச்சா?” அவர் குரலே மாறிவிட்டது. “எம்பேரு போச்சாம்மா?”

“போவலீங்கப்பா. எழுதி வச்சுட்டேன். வரும், இருங்க.”

அவர் இருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரண்ட் வந்ததும் பிளாப்பி கரகரவென்று ஓடியது, திரை இருட்டாகவே இருந்தது, பிறகு ராஜப்பா என்று திரும்பவும் வந்தது. முதல் முறை வந்ததைவிட, போய்த் திரும்பி வந்ததுதான் அவரை அசைத்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“உம்பேரு எங்கம்மா?”

“அதுக்கு இன்னும் ஒரு எழுத்து வேணுங்கப்பா. ‘ஜ’ இப்ப வந்துருச்சு. ‘ய’ மட்டும் பாக்கி.”

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “அப்ப அதயும் போடு. உம்பேரு இதுல வரணும். அது வந்தப்புறம் வூட்டுக்கு வா, போதும்” என்றார். போகும்போது என்னைப் பார்த்து, “நீயும் எனக்கொரு மகதான், கூட இரும்மா” என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

நான் சந்தோஷத்தில் கிராப் தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். நீ அதைப் பிடுங்கிக்கொண்டாய். “ஏ நசீ, உனக்கு அறிவிருக்கா? அந்த எழுத்த நான் போட மாட்டேன். நீயும் போட்டுத் தொலைச்சுராத.” எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ‘ய’ வராதவரை நீ வீட்டுக்குப் போக வேண்டியதில்லையே! விளங்கியதும் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தோம்.

அதற்குப் பிறகு அப்பா எப்போது வந்தாலும் கன்னடத்தில் ஒரே கேள்விதான். “ஆய்தா?” நீயும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “இன்னூ இல்லப்பா” என்பாய். ஆகிவிட்டதா, இன்னும் இல்லை. எனக்குத் தெரிந்த முதல் கன்னடம் அதுதான். மாமன் மகனுக்கு வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். நீ ஆசைப்பட்ட வேலையைச் செய்துகொண்டே இருந்தாய், அந்தக் காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோகும்வரை. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

இப்போது செய்திக்கு வருகிறேன். நம் பஸ் நேரத்தை மறுபடியும் செய்துகொண்டிருக்கிறேன், போனில் பார்க்கிற மாதிரி. உன் கிராப் தாள்கள் என்னிடம்தான் இருந்தன. அவற்றைக் கட்டம் பிசகாமல் ஓர் எழுத்துருவாக மாற்றிவிட்டேன். ஊர்ப் பெயர்கள் எல்லாம் உன் கையெழுத்தில்தான் வரும். பக்கத்தின் அடியில், எழுத்துகள் வரைந்தவர் என்று உன் பெயரைப் போட்டேன். என்ன ஆயிற்று தெரியுமா? பிரவுசர் உன் எழுத்துருவில் ‘ய’வைத் தேடியது, கிடைக்கவில்லை. சத்தம் போடாமல் வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி ஒட்டிவிட்டது. உன் பெயரின் முன்பாதி உன் கை, பின்பாதி யாருடையதோ. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை. ஒரே ஓர் எழுத்து, டீ ஆறுவதற்குள் வரைந்துவிடலாம். வரையலாமா?

மாரண்டஹள்ளி பஸ் ஏறி அப்பாவிடம் போனேன். மிகவும் தளர்ந்துவிட்டார், காது மட்டும் அப்படியே இருக்கிறது. போனில் உன் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டினேன். முகத்துக்குக் கிட்டே வைத்து, நீ அன்று தொட்ட மாதிரியே விரலால் தொட்டார். திரையில் ஊர்ப் பெயர் நகர்ந்து ஓடிவிட்டது, பயந்து கையை எடுத்துக்கொண்டார். பிறகு கேட்டார், “ஆய்தா?”

“இன்னூ இல்லப்பா” என்றேன். “நான் போட்டுரட்டுங்களா? ஒரு எழுத்துதான்.”

“வேணாம்மா.” போனை என் கையில் திருப்பி வைத்தார். “ஒரு டீ குடிக்கற நேரத்துல எம்பேர போட்டவ அவ. வருஷக்கணக்கா ஒரு எழுத்து போட முடியலன்னு சொன்னா, எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேட்டுட்டு வந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அத போட்டுட்டா அவ வூட்டுக்கு வந்துரணும்னு சொல்லிருக்கேன். வேணாம். அங்கயே இருக்கட்டும். வேல பாக்கட்டும்.”

திரும்பும் பஸ்ஸில் பாலக்கோடு வரும்வரை நான் அழுதேன். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தோமே ஜெயா!

அதனால் இதைக் கேட்டுக்கொள். அந்த எழுத்தை நான் போட மாட்டேன், எனக்குப் பிறகு இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் போட விடமாட்டேன். புரோகிராமின் தலையிலேயே, ‘ய’வைத் தொடாதே என்று எழுதி வைத்துவிட்டேன். யார் கேட்டாலும் இன்னும் ஆகவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். நீ உன் வேலையைப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் இன்னொரு மகள்,
உன் நசீமா