நீ வராத நேர்முகப் பரீட்சை

காலையில் அலுமாரியைத் திறந்ததும் உன் ஓடிக்கொலோன் வாசம் வந்தது. நீ போய் இத்தனை மாதமாகியும் உன் நீலச் சேலையில் அது அப்படியே இருக்கிறது. எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு இன்று நேர்முகப் பரீட்சை.

கண்டியில் ஒரே புடவைக்கடையில் வேலை, கட்டுகஸ்தோட்டையில் ஒரே அறை நமக்கு. சாயங்கால பஸ்ஸில் நெரிசலுக்குள்ளிருந்து "பஹினவா" என்று சிங்களத்தில் சத்தம் போட்டால்தான் இறக்கிவிடுவார்கள். எனக்கு அது வராது. நீதான் இருவருக்குமாகக் கத்துவாய். நீ லீவு எடுத்த ஒருநாள், வாயைத் திறக்காமல் நான் நம் நிறுத்தத்தைத் தாண்டி மடவளை வரை போய்த் திரும்பி வந்தேன்.

"எறங்குறேன்னு சொல்ல வெக்கப்பட்டுகிட்டு மடவளைக்குப் போயிட்டு வர்றியா புள்ள? பஸ்ல ஒன்னய யாரு பாக்குறா? அவுங்கவுங்களுக்கு வீடு போய்ச் சேர்ற அவசரம்."

சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணம் சிரித்தால் போய்விடுமா என்ன? ஆசைப்பட்ட எதையும் நான் வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்காமல் விட்டுவிட்டு, நம்மால் எதுவும் ஆகாது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வேன். அந்த நாட்களில் நீ புத்திமதி சொல்லமாட்டாய். "மனசு சரியில்லாத அன்னிக்கு எதையும் முடிவு பண்ணாத. மொகத்த மட்டும் கழுவிட்டு வா," என்பாய்.

போன வருடம் இதே பரீட்சைக்கு வாசல் வரை கூட்டிப்போனாய். நான் திரும்பி நடந்துவிட்டேன். நீ திட்டவில்லை. "சரி விடு. அடுத்த தடவ நானும் உள்ளுக்கு வர்றேன்," என்றாய். பிறகு டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் போய்விட்டாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவள் நீ. எனக்கு இன்னும் கோபம்தான்.

இன்று தனியே போனேன். வாசலிலிருந்து வீதிக்கே திரும்பி வந்தேன். அங்கும் நிற்க முடியவில்லை; நீ இல்லாத அறைக்குத் திரும்பிப் போகவும் மனம் வரவில்லை. உள்ளே போய்விட்டேன்.

"போன வருஷமும் கூப்பிட்டிருந்தோமே, ஏன் வரல்ல?" மேசைக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மா கேட்டார்.

"பயந்துட்டேன் மிஸ்."

"இப்ப?"

"இப்பயும் பயமாத்தான் இருக்கு."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலை குனியவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ கேட்டார். குரல் நடுங்க நடுங்கக் கடைசிவரை சொன்னேன்.

கிடைக்குமா தெரியாது. இன்றிரவு தூக்கம் வருமா என்பதும் தெரியாது. ஆனால் வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. நீ போனபிறகு பசி என்று ஒன்று வந்தது இன்றுதான். எதிர்க்கடையில், பழக்கத்தில், உனக்கும் சேர்த்து இரண்டு வடை கேட்டுவிட்டேன். இரண்டையும் நானே சாப்பிட்டேன்.