வாஷ்பேசினுக்குச் சொட்டு மருந்து

மார்ச் 3, செவ்வாய்

ஏழு மணி வகுப்புக்கு ஆறே முக்காலுக்குச் சொட்டு விட்டுக்கொண்டு கிளம்பினேன். நீல மூடி மருந்து. விட்டதும் எரியும், தொண்டையில் கசப்பு இறங்கும், பிறகு அரை மணி நேரம் உலகமே எண்ணெய்த் தாள் வழியாகப் பார்த்த மாதிரி இருக்கும். பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் நேற்றுதான் சேர்ந்தவர். அவரைக் காப்பாற்ற என் காலடியில் தனியாக ஒரு பிரேக். எனக்கோ முன்னால் போவது லாரியா பஸ்ஸா என்றே தெரியவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவளுக்கு இது தேவையா?

டிரைவிங் ஸ்கூல் முதலாளி கேட்டார்: "என்ன டீச்சர், கண்ணு இப்படிச் செவந்திருக்கு?"

வெங்காயம் நறுக்கினேன் என்றேன். கண் அழுத்த நோய் என்று ஜனவரியில் டாக்டர் சொன்னது வீட்டில் என் கணவர் இவருக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே சாவியை வாங்கிவிடுவார்.

மார்ச் 5, வியாழன்

நாத்தனார் வந்திருந்தாள். "அண்ணி, இமை முடி இவ்வளவு நீளமா இருக்கே, என்ன போடுறீங்க?" வெள்ளை மூடி மருந்தின் வேலை அது, ராத்திரி போடுவது. விளக்கெண்ணெய் என்று சொல்லிவைத்தேன். இந்நேரம் அவள் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், பாவம்.

மார்ச் 9, திங்கள்

காலைச் சொட்டு போடவில்லை. ஒரே ஒரு நாள், சும்மா பார்க்கலாமே என்று.

பளிச்சென்று இருந்தது. கடைப் பலகைகளில் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டே போனேன். இத்தனை நாள் என் கண்ணைக் கெடுத்தது இந்த மருந்துதான்!

மார்ச் 11, புதன்

இவர் தினமும் கேட்கிறார், "சொட்டு போட்டியா?" போட்டேன் என்கிறேன். ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டிலும் நிற்கின்றன. இவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர், எல்லாவற்றையும் உன்னிப்பாகப் பார்க்கும் ஆள். மருந்து குறையாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார். அதனால் கதவைச் சாத்திக்கொண்டு வாஷ்பேசினில் இரண்டு சொட்டு விட்டேன். பிறகு அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, போட்டவள் மாதிரியே வெளியே வந்தேன்.

ஐம்பத்து நான்கு வயதுப் பொம்பளை. வெட்கமாக இல்லையா?

மார்ச் 13, வெள்ளி

பேசினுக்கு இப்போது வெள்ளை மூடி மருந்தும் கிடைக்கிறது.

எட்டு மணி வகுப்புக்குச் சலவைக் கடையில் வேலை செய்கிற பெண்மணி வருகிறார். நாற்பது வயதிருக்கும். கடையின் டெலிவரி வேனை அவருக்கு ஓட்டத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இல்லையென்றால் வேன் வேறு ஆளுக்குப் போய்விடும், அவர் அயர்ன் மேசையோடு நிற்க வேண்டியதுதான்.

நான் வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மூணு தடவை'. எந்தத் திருப்பமானாலும் இடது, வலது என்று மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் ஹார்ன் அடித்து உயிரை எடுப்பார்கள். "ஒரு தடவ பாத்தா போதும்மா, ரோடு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றேன். சிரித்தார். மறுபடியும் மூன்று முறை பார்த்தார்.

மார்ச் 19, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. இருட்டுக் கிண்ணத்துக்குள் தலையை வைத்து, சின்ன வெளிச்சப் புள்ளி எங்கே தெரிந்தாலும் பொத்தானை அமுக்கும் பரிசோதனை. கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியவில்லை. பயம் வந்துவிட்டது. புள்ளிகள் ஒரு தாளத்தில் வருவது பிடிபட்டதும் அந்தத் தாளத்துக்கே அமுக்கினேன்.

பரிசோதனை செய்தவர் தாளைப் பார்த்துவிட்டு, "மேடம், லைட்டே வராதப்பவும் அமுக்கியிருக்கீங்களே" என்றார். காப்பியடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி நின்றேன்.

டாக்டர்: "தினமும் மருந்து போடுறீங்கல்ல?"

"ஒரு நாள்கூட விடல டாக்டர்."

"அப்படியும் அழுத்தம் ஏறியிருக்கே... சரி, இன்னொரு மருந்து சேர்த்துப் பாப்போம்."

ஆக, மூன்றாவதாக ஒரு பாட்டில். பேசினுக்குக் கொண்டாட்டம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

இன்று எழுத முடியவில்லை.

மார்ச் 25, புதன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று, பேக்கரி முனை. 'மூணு தடவை' இடது வலது பார்த்தார், மறுபடி பார்த்தார். பின்னால் ஒரு டாக்சி கத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை இடப்பக்கம் எட்டிப் பார்க்க முயன்றார், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த என் தலை மறைத்தது. "டீச்சர், அந்தப் பக்கம்..." என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். காலி. "ஒண்ணுமில்ல, நான் பாத்துட்டேன், எடுங்க" என்றேன்.

எடுத்தார். அங்கே ஒரு சைக்கிள் இருந்தது.

நான் பிரேக்கை மிதிப்பதற்குள் தட்டிவிட்டது. தபால்காரர். கடிதமெல்லாம் ரோட்டில். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் 'மூணு தடவை'யைப் பார்த்தேன். பார்த்து, சத்தமாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "பாத்து எடுக்கணும்னு எத்தன தடவ சொல்றது?"

அவர் அழுதுகொண்டே கடிதங்களைப் பொறுக்கினார். தபால்காரர்தான், "பரவாயில்லம்மா, கத்துக்கறவங்கதானே" என்று அவரைத் தேற்றினார். முதலாளி 'மாணவியின் கவனக்குறைவு' என்று எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

என் கண் அப்போது மங்கலாக இல்லை. அதுதான். பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலைக்கூடப் படிக்க முடிந்தது. இருந்தும் ஒரு ஆளையும் சைக்கிளையும் காணோம். மருந்துமேல பழி போட இப்ப வழியே இல்ல... சீ, என்ன மனுஷி நான்.

மார்ச் 28, சனி

'மூணு தடவை' வகுப்பை நிறுத்திவிட்டார். டெஸ்டுக்கும் வரப்போவதில்லையாம்.

ஏப்ரல் 1, புதன்

சொல்லிவிடுவது என்றுதான் சலவைக் கடைக்குப் போனேன். வெறுங்கையோடு போக ஒரு மாதிரி இருந்ததால் இரண்டு படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அயர்ன் மேசையில் நின்றிருந்தார். வேனை வேறு ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்: "மன்னிச்சிருங்க டீச்சர். மூணாவது தடவ பாக்காம எடுத்துட்டேன். என் தப்புதான். உங்களுக்கும் கெட்ட பேரு."

விரிப்பு வெள்ளிக்கிழமை கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அதுவும் ஏற்கனவே துவைத்த விரிப்பு.

ஏப்ரல் 4, சனி

இவரை என் காதுக்குப் பின்னால் நிற்க வைத்தேன். கையில் ஒரு கரண்டி. "நான் நேராப் பாப்பேன். நீங்க இடது பக்கமா, இடுப்பு உயரத்துல, மெதுவா முன்னால வாங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

ஏதோ விளையாட்டு என்று நினைத்தார். காத்திருந்தேன்.

"எங்க, இன்னும் கிளம்பலியா?" என்றேன்.

"ஏம்மா, பக்கத்துலதானே ஆட்டிக்கிட்டு நிக்கிறேன்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நீல மூடி, வெள்ளை மூடி, பேசின், தபால்காரர், அந்தப் பெண்மணி. இவர் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டில்களைப் பார்த்தார். பிறகு, "பேசினுக்கு இப்ப நல்லாக் கண்ணு தெரியும்" என்றார். சிரிப்பு வரவில்லை, இரண்டு பேருக்குமே.

ஏப்ரல் 6, திங்கள்

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை மூடிவிட்டுப் பேசியது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"மங்கலாத் தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மருந்த மாத்தியிருப்பேன். மங்கல் மருந்தால வந்தது, அரை மணியில போயிடும். இடது பக்கம் காணாமப் போனது நோயால. போனது இனி வராது. இருக்கறதக் காப்பாத்தத்தான் சொட்டு."

பரிசோதனையை மறுபடி செய்தார்கள். தெரிந்தபோது மட்டும் அமுக்கினேன். தாளின் இடது பக்கம் கீழே கறுப்பாக இருந்தது. வண்டி ஓட்டக் கூடாது, ஓட்டுகிறவர் பக்கத்தில் பிரேக்கோடும் உட்காரக் கூடாது என்றார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முதலில் சலவைக் கடை. இந்த முறை கையில் எதுவும் இல்லை.

நான் சொன்னதை அவர் அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். நான் முடித்ததும், "ரெண்டு வாரமா நான் ரோட்டத் தாண்டவே பயந்துக்கிட்டிருக்கேன், தெரியுமா? எம் பொண்ணு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறா. கண்ணு தெரியாதது உங்களுக்கு. குருடி மாதிரி நடந்தது நான்" என்றார்.

மன்னிச்சிருங்க என்றேன். "போங்க டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிறகு முதலாளி. 'மாணவியின்' என்பதை அடித்துவிட்டு 'பயிற்சியாளரின்' என்று என் கையாலேயே எழுதினேன். சாவியை மேசையில் வைத்தேன். எடுத்து டிராயரில் போட்டுக்கொண்டார். கடைசியில் தபால்காரர் வீடு. கையில் கட்டோடு எனக்கு டீ போட எழுந்தார். அதைத்தான் என்னால் பார்க்கவே முடியவில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஆறு மணி. சொட்டு. கண்ணில்.

மே 20, புதன்

மருந்தை மாற்றியதில் எரிச்சல் குறைந்திருக்கிறது. மங்கல் பத்து நிமிடம்தான். விட்டதும் மூக்கோரம் விரலால் அழுத்திக்கொண்டால் தொண்டைக்குக் கசப்பு அவ்வளவாக இறங்குவதில்லை. முதலாளி என்னைச் சாலை விதி வகுப்பு எடுக்க வைத்திருக்கிறார், பாதிச் சம்பளம். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாளே பேக்கரி முனைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லும்போதெல்லாம் முகம் சூடாகிறது. பழகும் என்று பார்த்தேன், பழகவில்லை.

இன்று பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். சலவைக் கடை வேன் வந்து நின்றது. 'மூணு தடவை' வேறு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்துவிட்டார், முன்பு ஓட்டியவர் விலகியதில் வேனும் அவர் கைக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். பார்த்தது இன்றுதான். கதவைத் திறந்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "ஏறுங்க" என்றார். ஏறினேன். வழியெல்லாம் என் வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடி வெறும் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

பேக்கரி முனை வந்தது. நிறுத்தினார். இடது, வலது. மறுபடி இடது, வலது. பின்னால் ஒரு கார் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. மூன்றாவது முறை என் பக்கமாக எட்டினார். நான் தலையைப் பின்னுக்கு இழுத்து, சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டேன். அவர் நிதானமாகப் பார்த்தார். கார்க்காரர் விடாமல் அடித்துக்கொண்டிருந்தார். அடிக்கட்டும்.