சிங்காரவேலுவின் ரத்தம் சொன்னது

மாணவர் விடுதி, சென்னை
18.1.1972

அன்பு வேதநாயகத்துக்கு,

இதனால் மன்னார்குடி தாலுகா மக்கள் சகலருக்கும் அறிவிப்பது: உங்கள் சிங்காரவேலு இன்று முதன்முறையாக மீசை மழித்தான். உதிர்ந்த முடி ஒன்பது.

அடுத்த சேதி இதைவிடப் பெரிசு. யானைக்காலுக்கான புது மாத்திரையை, நோயில்லாத ஆறு பேர் போன வாரம் விழுங்கினோம். எல்லாம் நம்ம மருத்துவக் கல்லூரிப் பசங்கதான். அரை மணி, ஒரு மணி, ரெண்டு, நாலு, எட்டுன்னு ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. ஒரு நாள் சிறுநீர் முழுக்க பாட்டிலில். ரத்தத்துல இருந்த மருந்தை அளந்து, இந்தச் சோதனையை நடத்தற சௌந்தரநாயகி டாக்டர் கிராஃப் தாளில் ஆளுக்கொரு கோடு போட்டாங்க. எட்டி எட்டிப் பார்த்தேன்டா. ஆத்துல விட்ட தண்ணி வாய்க்கால், வயல், வடிகால்னு போகுமே, அப்படி மருந்து ரத்தத்துல ஏறி, உச்சிக்குப் போய், பாதியாகி, அதிலும் பாதியாகி வடியுது.

என் கோடு மட்டும் தரையோடு தரை. என்னைப் பார்த்து மருந்தே பயந்துடுச்சு. ஊசிக்கு அசராத ஒரே ஆளும் நான்தான்.

வீரன் சிங்காரம்

மன்னார்குடி
22.1.1972

டேய் ஒன்பது முடி,

கூலி உயர்வு கேட்டு அறுப்பு நின்னு பத்து நாளாச்சு. வரப்பெல்லாம் போலீஸ். அம்மா அந்த யானைக்காலோடயே கொடி பிடிக்கப் போறாங்க, சொன்னா கேக்கறதில்லை. அவங்களுக்காகத்தான் அந்த மாத்திரைச் சோதனையோட ரெண்டாவது அணியில் பேர் கொடுத்தேன். டாக்டரம்மா எழுதியிருக்காங்க: உங்க ஆறு பேர் ரத்தத்துல மருந்தோட சராசரி குறைவாம், எங்களுக்கு அளவை இரட்டிப்பாக்க யோசனையாம். உனக்கே ஒண்ணும் ஆகலை, எனக்கென்ன? 31ஆம் தேதி வந்துடறேன்.

வேதநாயகம்

மாணவர் விடுதி, சென்னை
25.1.1972

அன்பு வேதா,

உன் கடிதத்தைப் படிச்சதும் டாக்டரம்மாகிட்ட ஓடினேன். அவங்க என் பாட்டிலைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. "ரத்தத்துலயும் காணோம், சிறுநீர்லயும் காணோம். விழுங்கின மருந்து எங்கப்பா போச்சு?" சாதாரணமாத்தான் கேட்டாங்க. நான் வாயே திறக்கலை, என் ரத்தம் முந்திக்கிட்டுப் போய் சொல்லியிருக்கு.

ஒப்புக்கொண்டேன். சராசரியிலேருந்து என் கோட்டை அடிச்சுட்டாங்க. உங்களுக்கு இரட்டிப்பு கிடையாது. இந்த அளவுக்கே மத்த அஞ்சு பேருக்கும் தலை சுத்துச்சு. அதை உனக்கு நான் எழுதவே இல்லை. மன்னிச்சுடு.

நடந்தது இதுதான். மாத்திரை விழுங்கின அஞ்சாவது நிமிஷம், தட்டில் ஊசியைப் பார்த்தேன். குளியலறைக்கு ஓடினேன். வாந்தியோட மாத்திரை முழுசா வெளியே வந்துடுச்சு. தண்ணி ஊத்திக் கழுவிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தேன். அஞ்சு ஊசிக்கும் ஆயா தங்கம்மாள் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அவங்க கை இன்னும் வலிக்குதாம்.

சிங்காரம்